பத்தடி தள்ளி நின்ற மாயக்காரி

இருங்க சார், எந்திரிக்க வேண்டாம். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. இந்தக் கம்பை நான் மடியில வச்சுக்கிடுதேன். கண்ணாடிச் சில்லு ஒட்டியிருக்கு பாத்தீங்களா, சட்டையில உரசிச்சுன்னா நூலைப் பிடிச்சு இழுத்துரும். மேல போடுங்கன்னு கண்டக்டர் சொல்லுதாரு. மேல போடுற பொருளா இது? ஒரு சில்லு உதுந்துச்சுன்னா எங்க அண்ணாவியாரு என்னைய ஊருக்குள்ள விடமாட்டாரு.

இது நாகர்கோவில் பஸ்தானே? ஏறும்போதே ரெண்டு பேருகிட்ட கேட்டுட்டேன், இருந்தாலும் கேட்டுக்கிடுதேன். நீங்களும் அங்கதானா? நல்லதாப் போச்சு. என் மூத்த மகளை அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு. பேரன் பெறந்து அம்பது நாளாச்சு. அவனைப் பாக்கத்தான் போறேன். வேற ஒரு சோலியும் இல்லை.

இதுவா? மந்திரக்கோலு. சிரிக்காதீங்க சார், நெசமாத்தான் சொல்லுதேன். நாடகத்து மந்திரக்கோலு. என் பேரு கஸ்பார். ஊரு குருசுத்துறை. எங்க ஊருல அந்தோணியார் திருவிழாவுக்கு ராசா நாடகம் போடுவோம், கேள்விப்பட்டிருப்பீங்க. கேள்விப்பட்டதில்லையா? சரி, விடுங்க. சுத்துப்பட்டு ஊருல கேட்டுப் பாருங்க, ரெமியான் யாருன்னு கேட்டா சின்னப் பிள்ளைகூட என்னையத்தான் கை காட்டும். இருபத்தி மூணு வருசமா நான்தான் ரெமியான். கிரீடம், மார்க்கவசம், முழங்கால் வரைக்கும் பூட்ஸ், வாளு. முந்நூத்திச் சொச்சம் பாட்டு. அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஏடு வீட்டுலதான் கெடக்கும், நான் அதைப் பிரிச்சதே கெடையாது. மத்தவன் எல்லாம் ஏட்டைக் கையில வச்சுக்கிட்டு அலைவான். நான் ஒரு நாளும் பிரிச்சதில்லை.

கதை சீமைக் கதைதான். குதிரை வீரன், கோட்டை, ராட்சசன், எல்லாம் வரும். ரெமியானுக்கு ஏலேனாள்னு ஒரு ராசகுமாரியைப் பேசி முடிச்சிருக்கும். அவளைக் கட்டப் போற வழியில ஒரு கெட்ட மாயக்காரி அவனை மயக்கித் தன் கோட்டைக்குள்ள கொண்டு போயிருவா. அங்க போனவனுக்குத் தன் பேரே மறந்துரும். அங்கயிருந்து அவனைக் காப்பாத்தி, ராட்சசனை வெட்ட வச்சு, ஏலேனாள்கிட்ட கொண்டு சேக்கிறது இன்னொரு மாயக்காரி. அல்பீனாள்னு பேரு. அவ நல்ல மாயக்காரி.

மாயக்காரியில என்ன நல்லவ கெட்டவன்னுதானே கேக்குதீங்க? புதுசா வந்த சாமியாரும் இதையேதான் கேட்டாரு. அதுக்கு எங்க அண்ணாவியாரு, தொபியாஸ்னு பேரு, பாட்டுச் சொல்லிக் குடுத்து நாடகத்தை நடத்துறவரு, அவரு ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு. "இவ ஞானஸ்நானம் வாங்கின மாயக்காரி, சாமி." மந்திரம் போடுறதுக்கு முன்னாடி நெத்தியில சிலுவை போட்டுக்கிடுவா.

இந்தக் கோலு அவளோடது.

இப்ப நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கிடணும், இல்லைன்னா கதை வெளங்காது. அல்பீனாள் யாரு கண்ணுக்கும் தெரியமாட்டா. நாடகம் பூரா ரெமியானுக்குப் பின்னாடி ஒரு கை எட்டுற தூரத்துல நிப்பா. கருப்புச் சேலையைத் தலையோட போத்திக்கிட்டு நிப்பா. சனங்களுக்குத் தெரியும், ஆனா மேடையில இருக்குற ஒருத்தனும் அவளைப் பாக்கக் கூடாது. முக்கியமா ரெமியான் பாக்கக் கூடாது. ரெமியான் திரும்பி அவ மூஞ்சியைப் பாத்துட்டான்னா மாயம் அத்துப்போச்சு, அன்னைக்கு நாடகம் அந்த இடத்துலயே நின்னுரும். எங்க அப்பா காலத்துல இருந்து இதுதான் முறை. யாரும் பாத்ததில்லை, நாடகமும் நின்னதில்லை.

அப்ப அந்த வேசத்துல என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க. மொத்தம் பதினோரு பாட்டு. முதல்ல, ரெமியான் பேரு மறந்து கெடக்கும்போது கண்ணாடியைக் காட்டுவா. ரெண்டாவது, கோட்டைக் கிணத்துல விழுந்து கெடக்கும்போது கயிறு போடுவா. மூணாவது, ராட்சசன் வரும்போது வாளை எடுத்துக் கையில குடுப்பா. சரி, குடுத்தா. பிடிச்சது யாரு? நான். வெட்டினது யாரு? நான். நிலைக்கண்ணாடியில மூஞ்சி பாக்காத மனுசன் உண்டா? அதுல என் மூஞ்சியைப் பாத்து எனக்கு என் பேரு ஞாபகம் வந்துச்சுன்னா அது என் கெட்டிக்காரத்தனம்தானே. ஆனா நாடகம் முடிஞ்சு மங்களம் பாடினதும் பாருங்க, பொம்பளைக எல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவகிட்டதான் போவாளுக. நெத்தியில சிலுவை போட்டு விடச் சொல்லி. ராட்சசனை வெட்டின நான் இங்க பூட்ஸைக் கழத்த முடியாம கெடப்பேன், ஒருத்தியும் திரும்பிப் பாக்கமாட்டா.

முன்னாடி அந்த வேசத்தை ஆம்பளைதான் கட்டினாரு. தாசன்னு ஒருத்தரு. பத்தொம்பது வருசத்துக்கு முன்னாடி, கொடியேத்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அவருக்கு மஸ்கட் விசா வந்துருச்சு, கெளம்பிட்டாரு. வேற யாரும் வரலை. கண்ணுக்கே தெரியாத வேசத்தை எவன் கட்டுவான்? அப்ப அண்ணாவியாரு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, "மெற்றில்டாவைக் கட்டச் சொல்லு. அவளுக்குத்தான் மொத்த நாடகமும் தெரியுமே"ன்னாரு.

மெற்றில்டா யாருன்னு நான் சொல்லலையோ? என் வீட்டுக்காரி.

அவளுக்கு எப்படித் தெரியும்னு கேட்டா, அது நான் படிக்கும்போது கேட்டுக் கேட்டு வந்தது. அவ முத்தத்துல உக்காந்து மீன் ஆஞ்சுக்கிட்டே, முழங்கால்ல ஏட்டை விரிச்சு வச்சு ஒவ்வொரு வரியா வாசிப்பா. நான் கிழிஞ்ச வலையைப் பொத்திக்கிட்டே திருப்பிச் சொல்லுவேன். வாசிச்சது அவ, சரி. பிடிச்சுக்கிட்டது யாரு? நான். ஒரு வரியை நாலு தடவை, அஞ்சு தடவை வாசிப்பா. நான் கேக்காமலே வாசிப்பா. அவளுக்கு அது பொழுதுபோக்கு. ஏட்டுல இன்னைக்கும் மீன் செதிலு ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும்.

பொம்பளை மேடை ஏறுறதான்னு ரெண்டு பேரு சத்தம் போட்டாவ. அண்ணாவியாரு, "கண்ணுக்குத் தெரியாத வேசம்தானே, யாரு ஏறினா என்ன"ன்னு அடக்கிட்டாரு. நானும் ஒத்துக்கிட்டேன். பெரிய மனசு பண்ணித்தான் ஒத்துக்கிட்டேன், சார்.

ஆனா ஒரு கெட்ட பழக்கம் அவகிட்ட. முணுமுணுப்பா. பின்னாடி நின்னுக்கிட்டு, நான் வாயைத் திறக்குறதுக்கு அரை மூச்சு முந்தி, நான் பாட வேண்டிய வரியை முணுமுணுன்னு சொல்லுவா. பதினோரு பாட்டுதான் அவளுக்கு, என் முந்நூறையும் சேத்துச் சொல்லிக்கிட்டு நிப்பா. ஆசை சார். பெரிய வேசத்து மேல ஒரு ஆசை. நானும் போகட்டும்னு விட்டுட்டேன். பதினெட்டு வருசம் பொறுத்தேன். யாரு பொறுப்பா?

போன வருசம்தான் வெனை வந்துச்சு. எங்க தெருவுல காலேஜ் படிக்குற பிள்ளை ஒண்ணு, நாடகம் பூராத்தையும் போன்ல பிடிச்சிருக்கு. மேடைக்குப் பின்பக்கம், தட்டிக்குக் கிட்ட உக்காந்து பிடிச்சிருக்கு. அதை ஊரு முழுக்க அனுப்பி விட்டுருச்சு. நானும் பாத்தேன். என்ன கம்பீரமா நிக்கேன் தெரியுமா. ஆனா சத்தம் இருக்கே, அது நாசம். ஒவ்வொரு வரியும் ரெண்டு தடவை கேக்கு. முதல்ல பொம்பளைக் குரல்ல, பொறவு என் குரல்ல. பயலுவ டீக்கடையில உக்காந்துக்கிட்டு, "கஸ்பார் மாமாவுக்கு மட்டும் எதிரொலி முந்தி வருது"ங்கானுவ. நான் உள்ள போனா டீக்கடையே சிரிக்கு. சொல்லுங்க சார், யாரு பண்ணின தப்புக்கு யாரு தலை குனியுறது?

கண்டக்டர், இது எந்த ஊரு? திசையன்விளையா? இன்னும் நேரம் இருக்கு. என்னது? போர்டு நேராத்தான் இருக்கா? நான் அந்தப் பக்கம் பாக்கலை. கண்ணு எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். கடல்ல ரெண்டு மைலுக்கு அங்கிட்டு ஒரு வள்ளம் வந்தா அது யாரு வள்ளம்னு சொல்லிருவேன். இந்த வயசுல கண்ணாடி போடாத ஆளு எங்க தெருவுலயே நான் ஒருத்தன்தான்.

எங்க விட்டேன்? ஆங், எதிரொலி.

இந்த வருசம் ஒத்திகை தொடங்கும்போதே திருவிழாக் கமிட்டியில சொல்லிட்டேன். ஒண்ணு, மாயக்காரி எனக்குப் பின்னாடி நிக்கக் கூடாது. பத்தடி தள்ளி, மேடை ஓரத்துல, வாழை மரம் கட்டியிருக்கோம்லா, அங்க நிக்கட்டும். ரெண்டு, அவ பாட்டு வரும்போது தவிர வாயைத் திறக்கக் கூடாது. இல்லைன்னா நான் கிரீடம் வைக்கமாட்டேன். அண்ணாவியாரு, "கஸ்பாரு, யோசிச்சுத்தான் பேசுதியா"ன்னாரு. இருபத்தி மூணு வருசம் ரெமியான் கட்டினவனுக்கு யோசிக்கத் தெரியாதா? எழுதி வாங்காத கொறையா வாங்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவகிட்டயும் சொன்னேன். அவ கொளம்பு தாளிச்சுக்கிட்டு நின்னா. "சரி"ன்னா. அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ரெண்டு வார்த்தை சண்டை போட்டிருந்தான்னா மனசு ஆறியிருக்கும்.

அவ எப்பவும் அப்படித்தான் சார். இப்ப ஆறு வருசத்துக்கு முன்னாடி, எனக்கு நடுக்கடல்ல எஞ்சின் நின்னு போச்சு. ரெண்டு நாள் ஒழுக்குல, தண்ணி இழுத்த பக்கம் போய்க்கிட்டு இருந்தேன். கூட வந்தவன் அழுதான், நான் அழலை. இங்க என்னடான்னா, இவ போயி சாமியாரு வீட்டு வாசல்ல உக்காந்துட்டா. எந்திரிக்கவே இல்லை. பொறவு ஒவ்வொரு வீடா ஏறி எறங்கி, பதினோரு வள்ளத்தைத் தேட அனுப்பியிருக்கா. என் வள்ளத்தைக் கண்டுபிடிச்சுக் கயிறு போட்டு இழுத்துக்கிட்டு வந்தானுவ. ஊரு பூரா இன்னைக்கும் அதையே பேசுது, மெற்றில்டா இல்லைன்னா கஸ்பாரு இல்லைன்னு. அட, கயிறு போட்டாவ, சரி. பிடிச்சது யாரு? காத்து திரும்பிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா நானே வந்திருப்பேன். குடிக்கத் தண்ணி இல்லைங்கறது வேற விசயம்.

அன்னைக்குக் கரையில எறங்கினதும் அவ என்ன சொன்னா தெரியுமா? "சட்டையை மாத்துங்க, உப்பு காஞ்சு கெடக்கு"ன்னா. அதுவும் அவ்வளவுதான்.

சரி, செவ்வாக்கிழமைக்கு வாறேன். இந்தச் செவ்வாய். எங்க நாடகம் பகல்ல நடக்கும் சார். ரெண்டு பகலு. மதியச் சாப்பாடு முடிஞ்சு தொடங்கினா வெளக்கு வைக்குறதுக்குள்ள முதல் நாள் கதை முடிஞ்சிரும். ஊரே மணல்ல உக்காந்திருக்கு. வெளியூர்ல இருந்து சனம் வேற. நான் வந்தேன், சுத்தி வந்து நின்னேன், வாளை உருவினேன். கைதட்டு அடங்க நேரமாச்சு. முதல் ரெண்டு பாட்டும் கணீர்னு வந்துச்சு. சும்மா சொல்லலை, கடல் வரைக்கும் கேட்டிருக்கும். அந்த ரெண்டும் கல்யாண வீட்டுலகூட நான் பாடுற பாட்டு.

மூணாவது பாட்டு கோட்டைக்குள்ள. கெட்ட மாயக்காரி கேப்பா, "யாரடா நீ, உன் பேரென்ன"ன்னு. ரெமியான் மறந்துட்டு நிக்கணும். நின்னு, "பேரும் மறந்தேன், பெற்ற ஊரும் மறந்தேன்"னு ஒரு எட்டு வரி பாடணும்.

நான் நின்னேன்.

சனமெல்லாம் என்ன நடிப்புடான்னு பாத்துக்கிட்டு இருக்கு. மறந்தவன் மாதிரியே நிக்கானே, என்ன நடிப்புன்னு. ஆர்மோனியக்காரன் ஒரு சுத்து வாசிச்சான். இன்னொரு சுத்து வாசிச்சான். மூணாவது சுத்துல அவன் என்னையப் பாத்தான். எனக்கு ஒண்ணும் வரலை, சார். மறதி எல்லாம் இல்லை, மறதின்னு சொல்லிராதீங்க. புது மைக்கு, அது கூ-ன்னு ஒரு சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. பூட்ஸு வேற காலைக் கடிக்கு. ஆர்மோனியக்காரனும் புதுசு, சுருதி அரைக்கட்டை கூட்டி வச்சிருந்தான். இத்தனை இருந்தா எவனுக்குப் பாட்டு வரும்?

அப்ப வெயிலு சாஞ்சு நேரா என் கண்ணுல அடிச்சுது. கண்ணு கூசிச்சு. நான் தலையை இந்தப் பக்கம் திருப்பினேன். அந்தப் பக்கம் வாழை மரம் இருந்துச்சு. வாழை மரத்துப் பக்கத்துல அவ நின்னா. அவ்வளவுதான் சார் நடந்தது. இதைப் போயி பாத்தேன்னு சொல்லலாமா? கண்ணு கூசினவன் தலையைத் திருப்புறது பாக்கிறதா?

ஆனா ஊரே எந்திரிச்சிருச்சு. "பாத்துட்டான், பாத்துட்டான்"னு பொம்பளைக சத்தம். அண்ணாவியாரு கையைத் தூக்கினாரு, ஆர்மோனியம் நின்னுச்சு. அவ அங்கயே நின்னா. வாயை இறுக மூடிக்கிட்டு, கண்ணு ரெண்டும் கலங்கி, நான் சொன்னபடி அப்படியே நின்னா. உதடு மட்டும் அசைஞ்ச மாதிரி எனக்குத் தோணிச்சு. பத்தடி தூரத்துல எப்படி சார் கேக்கும்?

வீட்டுக்கு வந்து நான் கேட்டேன். கேக்கமாட்டேனா? "ஏட்டி, நான் அங்க கெடந்து முழிக்கேன், ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தா கொறைஞ்சா போயிருவ"ன்னேன். "வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே"ங்கா. சொன்னேன், இல்லைங்கலை. ஆனா சொன்னதைக் கேக்கிறதுன்னா இப்படியா கேக்கிறது? முப்பத்தி ரெண்டு வருசம் குடும்பம் நடத்துனவளுக்கு, எந்தச் சொல்லைக் கேக்கணும், எந்தச் சொல்லை விடணும்னு தெரியாதா? சத்தமாத்தான் பேசினேன். கிரீடத்தை எடுத்து மூலையில எறிஞ்சேன். தெருவுல ஆளு நின்னாவ.

அவ கருப்புச் சேலையை மடிச்சுக்கிட்டு இருந்தா. மடிச்சு முடிச்சுட்டு, "பத்தொம்பது வருசமா நான் உங்களுக்குப் பின்னாடி நிக்கேன். இன்னைக்குத்தான் திரும்பிப் பாத்தீங்க"ன்னா.

பாக்கலைன்னு நான் அந்தோணியாரு மேல சத்தியம் பண்ணினேன். அவ நம்பலை. மறுநாள் காலைல முதல் பஸ்ஸுக்குப் போயிட்டா. மகளுக்கு ஒத்தாசையா இருக்கப் போறேன்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போயிருக்கா. இந்தக் கோலை மட்டும் கட்டில் மேல வச்சுட்டுப் போயிருக்கா.

போனா போகட்டும்னுதான் நான் இருந்தேன். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு சார். எங்க ஊருல ராசா நாடகம் தொடங்கிட்டா மங்களம் பாடி முடிக்காம ஒரு வள்ளம் கடல்ல எறங்காது. நாப்பத்தி ரெண்டு வள்ளம் கரையில ஏறிக் கெடக்கு. செவ்வாய்ல இருந்து இன்னைக்கு வெள்ளி வரைக்கும். நல்லா சாளை மீன் படுற நேரம், அடுத்த ஊருக்காரன் அள்ளிக்கிட்டுப் போறான், எங்க ஆளுக கரையில உக்காந்து சீட்டு வெளையாடுதாவ. என்னையப் பாத்தா சீட்டைக் கீழ வச்சுட்டு ஒரு பார்வை. பேசினாக்கூடப் பரவாயில்லை, பேசமாட்டேங்காவ. ஞாயித்துக்கிழமை கொடியெறக்கம். அதுக்குள்ள மங்களம் பாடியாகணும்.

பள்ளிக்கூடத்து வாத்தியாரு லியோனு ஒருத்தன் இருக்கான். ரெமியான் வேசத்து மேல அவனுக்குப் பத்து வருசமா ஒரு கண்ணு. அவன் போயி, "கஸ்பார் அண்ணனுக்கு முடியலைன்னா நான் கட்டுதேன், ஏட்டைப் பாத்து ரெண்டு நாள்ல படிச்சிருவேன்"னு கமிட்டியில சொல்லியிருக்கான். ஏட்டைப் பாத்துப் படிக்கிறவன் எல்லாம் ரெமியானா? கிரீடத்துக்குத் தலை அளவு குடுத்துட்டான்னு கேள்வி. அந்தக் கிரீடம் வேற ஒருத்தன் தலையில ஏறினா நான் அந்த ஊருல எப்படி சார் நடப்பேன்?

நேத்து அண்ணாவியாரு வீட்டுக்குப் போனேன். அவரு பழைய ஏட்டை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. "இதுக்கும் வழி எழுதி வச்சிருக்காவ, கஸ்பாரு"ன்னாரு. அல்பீனாளை ரெமியான் பாத்துட்டான்னா, அவனே அவ இருக்குற இடத்துக்கு நடந்து போகணுமாம். கோலை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நின்னு, நன்றிப் பாட்டு பாடணுமாம். அவ கோலை வாங்கிக்கிட்டா, மாயம் திரும்பக் கூடிரும், நின்ன இடத்துல இருந்து நாடகத்தைத் தொடங்கலாம். வாங்கலைன்னா ரெமியானை மாத்தணும்.

அது என்ன நன்றிப் பாட்டுன்னேன். "உன் பாட்டுதான்டா. ராட்சசனை வெட்டினதுக்குப் பொறவு ரெமியான் அல்பீனாளுக்கு, திரும்பிப் பாக்காமலே பாடுறது. நாலே வரி. நீதான் முதல் வருசமே அதை வேண்டாம்னு தள்ளிட்ட"ன்னாரு.

ஆமா, தள்ளினேன். ராட்சசனை வெட்டிப் போட்டுட்டு, ரத்த வாளோட நிக்கிறவன், ஒரு கருப்புச் சேலைக்காரியைக் கும்பிட்டுப் பாடினா மீசைக்கு என்ன மரியாதை? அதுவும் தாசனைக் கும்பிட்டு. பொறவு இவ வந்தா. பொண்டாட்டியை மேடையில நின்னு கும்பிட முடியுமா, நீங்களே சொல்லுங்க. கும்பிட்டவனை ஊரு விட்டு வைக்குமா? அதான் அந்த இடம் வந்ததும் நேரா ஏலேனாள் பாட்டுக்குப் போயிருவேன். அவ ஒரு வருசமாவது அதைப் பாடுங்கன்னு சொல்லியிருக்கணும்லா? சொல்லலை. ஆனா ஒண்ணு, வீட்டுல ஏடு வாசிக்கும்போது அந்த நாலு வரியையும் வருசா வருசம் வாசிப்பா. நான் "அது வேண்டாம், அடுத்ததுக்குப் போ"ம்பேன். அவ வாசிச்சு முடிச்சுட்டுத்தான் அடுத்ததுக்குப் போவா.

மக போன்ல பேசினா. "அம்மா வருவாங்களான்னு எனக்குத் தெரியாதுப்பா. நீங்க வாங்க"ன்னா. நான் கூப்பிடப் போகலை சார், அதைத் தெளிவாச் சொல்லிருதேன். பேரனைப் பாக்கப் போறேன். போற வழியில கோலைக் குடுக்கப் போறேன். அவளா மனசு வந்து கெளம்பினான்னா அது அவ இஷ்டம்.

அண்ணாவியாரு அந்த நாலு வரியையும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாரு. வாசிச்சும் காட்டினாரு, மூணு தடவை. நானும் நல்லாத்தான் கேட்டுக்கிட்டேன். ராத்திரி வீட்டுல நின்னு பாடிப் பாத்தேன். முதல் வரி வந்துச்சு. பொறவு நான் பாட்டுக்கு நின்னுக்கிட்டே இருக்கேன். எதுக்கு நிக்கேன்னு எனக்கே கொஞ்ச நேரம் வெளங்கலை. வீட்டுல ஒரு சத்தம் இல்லை. அடுப்படியில பாத்திரம்கூட உருளலை. எனக்கு அந்த வீடு பிடிக்கலை சார். முப்பத்தி ரெண்டு வருசத்துல அந்த வீட்டுல நான் ஒத்தையில நின்னதே இல்லை போலுக்கு. திரும்பித் திரும்பிப் பாத்தேன், பின்னாடி சுவருதான் இருந்துச்சு.

காலைல பஸ் ஏறினதுல இருந்து உள்ளுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டேதான் வாறேன். "காணாத கையொன்று காத்ததே என்னை." இது வருது. நல்ல வரிதான். அதுக்கு மேல வரலை.

அஞ்சுகிராமம் வந்துருச்சா? அப்ப இன்னும் முக்கால் மணி நேரம்கூட இல்லை.

சார், ஒரு ஒத்தாசை. இந்தாங்க, இதுதான் அந்தத் தாளு. நானே வாசிச்சிருவேன், ஆனா அவசரத்துல வந்தனா, கண்ணாடியை வீட்டுலயே மறந்து வச்சுட்டு வந்துட்டேன். நீங்க படிச்சவரு மாதிரித் தெரியுது. ரெண்டாவது வரியை மட்டும் வாசிங்க. அது வந்துட்டா மத்தது தானா வந்துரும்.

"வீணாக மெச்சினேன் வீரனென்று என்னை."

அப்படியா எழுதியிருக்கு? அண்ணாவியாரு நேத்து வாசிக்கும்போது இப்படிக் கேக்கலையே. தாளைக் காட்டுங்க. இல்லை, வேண்டாம், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்த வரியையா அவ இருபத்தி மூணு வருசமா வாசிச்சா. நான் அடுத்ததுக்குப் போன்னு சொல்லச் சொல்ல வாசிச்சாளே.

பரவாயில்லை சார். எழுதினவன் எழுதிட்டான், பாடித்தான் ஆகணும். நாப்பத்தி ரெண்டு வள்ளம் கெடக்கு. நான் கோலை இப்படி ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிடுதேன். முதல்ல இருந்து போவோம். நீங்க நாலு வரியும் சொல்லுங்க, நான் பின்னாலயே வாறேன்.

இல்லை சார், அப்படி இல்லை. இவ்வளவு சத்தமா வேண்டாம், பஸ்ஸுல எல்லாரும் திரும்பிப் பாக்காவ. என் பக்கம் பாக்கவும் வேண்டாம். ஜன்னலுக்கு வெளியில பாத்துக்கிட்டு, நான் வாயைத் திறக்குறதுக்கு அரை மூச்சு முந்தி, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொல்லணும். அவ அப்படித்தான் சொல்லுவா.